டோரேமான் திரைப்படங்கள்: எதை முதலில் பார்ப்பது, எதைத் தள்ளி வைப்பது

எதிர்காலத்திலிருந்து வந்த ரோபோப் பூனை டோரேமான், நோபிட்டா என்ற சிறுவனுக்குத் துணை நிற்கும் ஜப்பானியக் கார்ட்டூன் தொடரைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு அதன் திரைப்படங்களில் எதை முதலில் காட்டலாம் என்று, திருப்பூரில் என்னோடு பனியன் கம்பெனியில் வேலை செய்யும் தாய்மார்கள் அடிக்கடி கேட்பதுண்டு. மகளும் மகனும் சிறு பிள்ளைகளாக இருந்த காலம் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படங்களைச் சேர்ந்து பார்த்து, பிடித்தவற்றைப் பலமுறை போட்டுப் பார்த்து வந்ததில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. வெளியான ஆண்டு வரிசையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பிள்ளையின் வயதையும், பிரிவுத் துயரத்தை அது எவ்வளவு தாங்கும் என்பதையும் பார்த்தே படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஃபுஜிக்கோ எஃப். ஃபுஜியோவின் படக்கதையைக் கொண்டு 1979-இல் ஜப்பானில் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் வெற்றி பெறவே, 1980-இல் முதல் திரைப்படம் வந்தது. அதன் பிறகு ஏறக்குறைய ஆண்டுதோறும் ஒரு படம் வெளியாகிறது. 2005-இல் முதன்மைக் குரல் நடிகர்கள் அனைவரும் மாறினர். அந்த ஆண்டு படம் வரவில்லை. 2006 முதல் வருபவற்றில் பல, பழைய படங்களின் மறு ஆக்கங்களே. ஒவ்வொரு கதையும் தனித்து நிற்பதால் எங்கிருந்தும் தொடங்கலாம். தொடரில் நோபிட்டாவை அடித்துக்கொண்டே இருக்கும் ஜியான், திரைப்படங்களில் உயிரைக் கொடுத்தும் நண்பனைக் காக்க முன்வருகிறான். இந்த மாற்றத்துக்காகவே என் மகன் தொடரைவிடப் படங்களை விரும்புகிறான்.

தொடக்கத்துக்கு ஏற்றது 2006-இல் வந்த டைனோசர் கதை. 1980-இன் முதல் படத்தையே புதிதாக எடுத்திருக்கிறார்கள். நோபிட்டா புதைபடிவ முட்டை ஒன்றைக் கண்டெடுத்து, பொருளைப் பழைய நிலைக்குக் கொண்டுசெல்லும் துணியால் அதை மூட, முட்டை பொரிந்து பீசுகே என்னும் குட்டி வெளிவருகிறது. இதைப் பார்த்த வாரம், காங்கேயம் பக்கத்தில் உள்ள எங்கள் அப்பாவின் தோட்டத்தில் மகன் ஒரு வெங்கச்சாங்கல்லைப் பொறுக்கி, அப்புச்சியின் (தாத்தாவின்) துண்டால் மூடி, சாப்பிடவும் வராமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பீசுகேயின் இனம் கற்பனையன்று. ஜப்பானில் 1968-இல் பள்ளி மாணவர் ஒருவர் அதன் புதைபடிவத்தைக் கண்டெடுத்தார். ஃபுட்டாபாசாரஸ் என்று முறையாக அறிவியல் பெயர் சூட்டப்பட்டது 2006-இல். உண்மையில் அது டைனோசர் அன்று, நீண்ட கழுத்துடைய கடல்வாழ் ஊர்வன. பிள்ளைகளிடம் இதையும் சொன்னால் அவர்களின் ஆர்வம் பெருகும்.

நான் மிகவும் மதிப்பது 1986-இல் வந்து 2011-இல் மறு ஆக்கம் பெற்ற இயந்திரப் படைக் கதை. ரோபோக்களுக்குள் அடிமை முறையை ஒழித்துவிட்ட ஒரு கோளிலிருந்து, அவற்றுக்குப் பதிலாக மனிதர்களை அடிமைகளாகப் பிடித்துச் செல்ல ஒரு படை வருகிறது. முன்கூட்டியே வேவு பார்க்க வந்த ரிருரு என்ற ரோபோச் சிறுமி அடிபட்டுக் கிடக்க, எதிரி என்று தெரிந்தும் நோபிட்டாவின் தோழி ஷிசுகா அவளுக்கு மருத்துவம் செய்கிறாள். ஏன் உதவுகிறாய் என்று ரிருரு கேட்கும் இடத்தில் ஷிசுகாவிடம் தெளிவான பதில் இல்லை. மனிதர் சில வேளைகளில் காரணமின்றியும் நல்லது செய்வர் என்பதை இவ்வளவு இயல்பாகக் காட்டிய சிறுவர் படம் வேறொன்றை நான் பார்த்ததில்லை. இறுதியில் காலத்தில் பின்னோக்கிச் சென்று தன் இனத்தின் தொடக்கத்தையே மாற்றுவதற்கு ரிருரு துணை நிற்கிறாள். மாற்றியதும் அவளே மறைந்துபோகிறாள். “அப்புச்சி, அந்தப் புள்ள திரும்பி வருமுங்களா?” என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இப்படத்தைத் தள்ளி வைப்பது நல்லது. புதிய ஆக்கத்தில் வரும் பிப்போ என்ற குஞ்சுப் பாத்திரம் சிறியவர்களை ஈர்த்தாலும், பழைய படத்தின் இறுக்கம் அதில் சற்றுக் குறைகிறது.

1989-இல் வந்து 2016-இல் மறு ஆக்கம் பெற்ற கற்காலக் கதையை எந்த வயதிலும் காட்டலாம். எங்களுக்குக் கிடைத்த படங்களில் பல இந்தி ஒலியில் இருந்ததால், இடையிடையே நிறுத்திக் கதை சொல்ல வேண்டியிருந்தது. இக்கற்காலப் படத்துக்கு மட்டும் அது அதிகம் தேவைப்படவில்லை.

முப்பரிமாண வடிவில் 2014-இல் வந்த ‘ஸ்டாண்ட் பை மீ டோரேமான்’ படத்தைப் பலரும் முதலில் காட்டுகின்றனர். சிறு கதைகள் பலவற்றை ஒன்றாகக் கோத்த படம் அது. தொடரோடு பழகிய பின்பே, டோரேமான் நோபிட்டாவைப் பிரியும் காட்சிக்கு வலு கிடைக்கும். நோபிட்டாவை மணப்பதற்கு முந்தைய இரவில் ஷிசுகாவும் அவள் தந்தையும் பேசும் காட்சி முடிந்ததும், என் அப்பா, “ஏங்கண்ணு, அந்த எடத்தை இன்னொருக்கா போடு” என்றார். பிள்ளைகள் அப்போது விளையாடப் போய்விட்டிருந்தனர். பெரியவர்களுக்கான படம் என்றே அதைச் சொல்வேன். மணமகன் நோபிட்டா கல்யாணத்தன்று ஓடிவிடுவதும், சிறுவன் நோபிட்டா தன் பாட்டியைக் காணச் செல்வதுமாக அமைந்த 2020-இன் இரண்டாம் பாகம் முதல் பாகத்தைத் தொடர்ந்தே வருவதால், இவ்விரண்டை மட்டும் வரிசைப்படி பார்க்க வேண்டும்.