நாகப்பட்டினம் எண்ணுக்குள் எங்கள் ஊர்: கோவிட் மாவட்டக் கணக்கைப் பின்தொடர்ந்த 19 மாதங்கள்

நான் மருத்துவத் துறையில் இல்லை, புள்ளியியலும் படித்ததில்லை. மயிலாடுதுறையில் ஒரு உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அப்பாவுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ், அது கும்பகோணத்தில். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எல்லோரும் வீட்டுக்குள் இருங்கள் என்றார்கள். சரி, இருக்கலாம், ஆனால் டயாலிசிஸைத் தள்ளிப்போட முடியாதே. கும்பகோணத்தில் எப்படி இருக்கிறது, எந்தப் பக்கம் தொற்று ஏறுகிறது என்று தினமும் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை எனக்கு. அப்படித் தொடங்கியதுதான் இது. 2020 ஏப்ரலில் இருந்து 2021 அக்டோபர் கடைசி வரை, ஒரு நாள் விடாமல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெரும்பாலான நாட்கள், மாவட்ட எண்ணிக்கையைப் பார்த்து ஒரு ஷீட்டில் போட்டுவந்தேன். எது பயன்பட்டது, எது ஏமாற்றியது என்பதைப் பிறகு யாருக்காவது உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

முதல் ஒரு மாதம் சுகாதாரத் துறையின் மாலை அறிக்கை மட்டும்தான். ஆறு மணி வாக்கில் சுகாதாரச் செயலாளர் டிவியில் வருவார், அப்போது பீலா ராஜேஷ், 2020 ஜூன் நடுவில் இருந்து ராதாகிருஷ்ணன். அப்புறம் பிடிஎஃப் வரும். அந்த அறிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். மாவட்டவாரியாக அட்டவணை, விமான நிலையத்திலும் ரயிலிலும் வந்தவர்களுக்கு அதில் தனி வரிசை, இறந்தவர் ஒவ்வொருவருக்கும் வயது, மாவட்டம், இணைநோய், அனுமதித்த நாள், இறந்த நாள் என்று அவ்வளவு விவரம் கொடுத்தார்கள். பரிசோதனையும் முக்கியமாக ஆர்டி-பிசிஆர் என்ற ஆய்வகச் சோதனைதான் செய்தார்கள், அதனால் எண்ணின் மேல் ஓரளவு நம்பிக்கை வைக்க முடிந்தது. பிரச்சினை என்னவென்றால், ஒவ்வொரு நாளும் ஒரு புது பிடிஎஃப். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம், போன வாரம் இதே கிழமை எத்தனை என்று கேட்டால் அது சொல்லாது. நானே கையால் எண்களை எடுத்து ஏற்ற வேண்டும். கடையில் பில் போட்ட பழக்கம் இருந்ததால் செய்தேன், ஆனால் அந்த அட்டவணையை காப்பி செய்து ஒட்டினால் எண்களெல்லாம் ஒரே கட்டத்தில் வந்து விழும், வரிசை மாறும். ஒரு நாள் தஞ்சாவூர் எண் தேனிக்குப் போய்விட்டது. அதை இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

அப்போதுதான் பக்கத்துக் கடைத் தம்பி ஒருவன் கோவிட்19இந்தியா தளத்தைக் காட்டினான். நாடு முழுக்க இருந்த தன்னார்வலர்கள் மாநில அறிக்கைகளைப் பார்த்து எண்களைச் சேர்த்து, மாவட்டம் வரைக்கும் பிரித்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருந்தார்கள். சம்பளம் கிடையாது, விளம்பரம் கிடையாது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வரைபடம் 2020 ஜனவரி 22 முதலே இருந்தது, உலகமே அதைத்தான் பார்த்தது. ஆனால் அதில் கும்பகோணத்துக்குப் போகலாமா என்ற கேள்விக்கு எங்கே பதில் இருக்கும்? மத்திய சுகாதார அமைச்சகத்தின் பக்கத்திலும் மாநிலம் வரைக்கும்தான் எண். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு இருந்த ஒரே இடம் அந்தத் தளம்தான். எங்கள் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. காரைக்கால் நடுவில் இருக்கிறது, ஆனால் அது புதுச்சேரி. தமிழ்நாட்டு அறிக்கையை மட்டும் பார்த்தால் நாகப்பட்டினத்துக்கும் தரங்கம்பாடிக்கும் இடையில் ஒரு ஓட்டை. மக்கள் தினமும் வேலைக்குப் போய் வந்த ஊர் அது. அந்தத் தளத்தில் புதுச்சேரியைத் திறந்தால் காரைக்கால் தனியாக இருக்கும், அதையும் என் ஷீட்டில் ஒரு பத்தியாகச் சேர்த்துக்கொண்டேன்.

தொடக்கத்தில் அவர்கள் ஒவ்வொரு நோயாளியையும் ஒரு வரியாகப் பதிவு செய்தார்கள், எங்கிருந்து வந்தார், யாரிடம் இருந்து பரவியது என்பது வரைக்கும். எண்ணிக்கை ஏற ஏற அது முடியாத காரியம். ஏப்ரல் கடைசியில் மாவட்டத்துக்கு ஒரு நாளைக்கு இத்தனை என்று மொத்தமாக மாற்றினார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். கோயம்பேடு சந்தையில் இருந்து ஊர் ஊராகப் பரவிய நேரத்தில் தனித்தனி வரியாக எழுதிக்கொண்டிருந்தால் எல்லாம் அங்கேயே நின்றுபோயிருக்கும்.

இனி ஷீட். அந்தத் தளத்தின் மாவட்ட அட்டவணை இருந்த சிஎஸ்வி கோப்பை நேரடியாக கூகுள் ஷீட்டுக்குள் இழுத்தேன், சில மாதம் நன்றாக ஓடியது. நாட்டின் எல்லா மாவட்டமும் எல்லா நாளும் அதில் இருப்பதால் போகப் போகக் கோப்பு கனத்துத் திறக்கவே மறுத்தது, பிறகு இறக்கி வைத்து எங்கள் பக்கத்து மாவட்டங்களை மட்டும் வடிகட்டி எடுக்கப் பழகிக்கொண்டேன். அதில் உள்ள எண் அன்றுவரை மொத்தம். இன்றைய எண் வேண்டுமானால் நேற்றையதைக் கழிக்க வேண்டும். கழித்தால் சில நாள் மைனஸில் வரும். முதல் தடவை மைனஸ் 3 என்று பார்த்தபோது தளத்தில்தான் தப்பு என்று நினைத்தேன். தப்பு இல்லை, ஒரு மாவட்டத்தில் பதிவானவர் உண்மையில் வேறு மாவட்டத்துக்காரர் என்று தெரிந்தால் கணக்கை அங்கே மாற்றிவிடுவார்கள், இங்கே குறையும். பரிசோதனை செய்த ஊர், வீடு இருக்கும் ஊர், படுத்திருக்கும் ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் மூன்றும் வேறு வேறாக இருக்கலாம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அப்பாவே அதற்கு உதாரணம், அவருக்குப் பாசிட்டிவ் வந்திருந்தால் மாதிரி எடுத்திருப்பது கும்பகோணத்தில், எண்ணிக்கை ஏறியிருப்பது எங்கள் மாவட்டத்தில்.

இன்னொன்று தேதி. அறிக்கையில் உள்ள நாள் தொற்று வந்த நாள் இல்லை, முடிவு வந்து பதிவான நாள். எங்கள் தெருவில் ஒருவருக்கு மாதிரி எடுத்து நான்கு நாள் கழித்து முடிவு வந்தது, அதற்கு முன் காய்ச்சல் மூன்று நாள், தொற்று வந்தது அதற்கும் சில நாள் முன்பு. அதாவது இன்று மாலை நான் பார்க்கும் எண் பத்து நாளுக்கு முந்தைய ஊரைக் காட்டுகிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு ஒரு நாள் எண்ணைப் பார்த்து பயப்படுவதையும் நிம்மதி அடைவதையும் விட்டுவிட்டேன், ஏழு நாள் சராசரியை மட்டும் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பரிசோதனை குறைந்தால் எண் இறங்கும், அதைப் பார்த்து "குறைஞ்சிடுச்சு" என்று வாட்ஸ்அப்பில் போடுவார்கள். நான்கு பேருக்காவது அதை விளக்கியிருப்பேன்.

அதிக நாள் என்னை ஏமாற்றியது மக்கள்தொகைக் கணக்கு. லட்சம் பேருக்கு எத்தனை என்று பார்த்தால்தான் ஒரு மாவட்டத்தை இன்னொன்றோடு ஒப்பிட முடியும். 2011 கணக்கெடுப்பில் இருந்து எண்களை எடுத்தேன். அதில் சென்னை மாவட்டம் 46 லட்சம். ஆனால் 2018-இல் சென்னை மாவட்ட எல்லையை மாநகராட்சி எல்லை வரை விரித்துவிட்டார்கள், 176 சதுர கிலோமீட்டராக இருந்தது 426 ஆனது. அதே 2011 கணக்கிலேயே அந்தப் பெரிய எல்லைக்குள் 66 லட்சத்துக்கு மேல் மக்கள். நான் மூன்று மாதம் 46-ஆல் வகுத்துக்கொண்டிருந்தேன், சென்னை உண்மையில் இருந்ததைவிட ரொம்ப மோசமாகத் தெரிந்தது. 2019 நவம்பரில் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு என்று ஐந்து மாவட்டம் புதிதாக வந்திருந்தன, அவற்றுக்கு 2011 புத்தகத்தில் எண்ணே கிடையாது, தாலுகா தாலுகாவாகக் கூட்ட வேண்டும். 2021 கணக்கெடுப்பு நடக்கவே இல்லை.

எங்கள் ஊருக்கும் இதே கதை. 2020 டிசம்பர் 28-இல் மயிலாடுதுறை தனி மாவட்டமாகத் தொடங்கியது, ஊரே மகிழ்ந்தது. அறிக்கையில் மட்டும் தனி வரி உடனே வரவில்லை, மாதக்கணக்கில் நாகப்பட்டினத்துக்குள்ளேயே இருந்தோம். நாகை ஏறுகிறது என்றால் வேதாரண்யம் பக்கமா, சீர்காழி பக்கமா, எங்கள் தெருவா? ஒன்றும் தெரியாது. மாவட்டம் என்பது ரொம்பப் பெரிய அளவு, அதற்குக் கீழே போகாத எண் என்னைப் போன்றவனுக்குப் பாதி உதவிதான். சென்னை மாநகராட்சி தன் 15 மண்டலங்களுக்கும் தனித்தனியாக எண் கொடுத்தது, ராயபுரத்தில் எத்தனை, கோடம்பாக்கத்தில் எத்தனை என்று சென்னைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். எங்களுக்கு வட்டாரவாரியாக அப்படி ஒரு அட்டவணை தினமும் கையில் கிடைத்திருந்தால் அப்பாவை எந்த வழியாகக் கூட்டிப்போவது என்பது வரை யோசித்திருப்பேன். அதைத் தராதது பெரிய குறை என்றே இன்றும் சொல்வேன்.

இறப்புக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2020 ஜூலை 22 அன்று தமிழ்நாட்டின் வரைபடத்தில் ஒரு கம்பம் மாதிரி எழும்பி நிற்கும், ஒரே நாளில் 518. அன்றைக்கு அத்தனை பேர் சாகவில்லை. சென்னையில் முன்பு கணக்கில் சேராமல் விடுபட்ட 444 இறப்புகளை அன்று சேர்த்தார்கள், அன்றைய எண் 74. இது தெரியாமல் வரைபடத்தை மட்டும் பார்ப்பவர் ஜூலை 22-இல் என்னமோ நடந்தது என்று நினைப்பார். பின்னால் 2022 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் 2020, 2021 இரண்டு ஆண்டிலும் இந்தியாவில் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 47 லட்சம் என்று மதிப்பிட்டது, அரசுக் கணக்கு 4.8 லட்சம் அளவில் இருந்தது, இந்திய அரசு அந்த மதிப்பீட்டை ஏற்கவில்லை. நான் எதையும் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இல்லை. ஆனால் என் ஷீட்டில் இறப்புப் பத்தியை நான் மற்ற பத்திகளைப்போல நம்பியதில்லை. சுகாதாரத் துறை மாலை அறிக்கையின் இறப்புப் பட்டியலை அப்பாவுக்கு முதலில் வாசித்துக் காட்டுவேன், அவர் கேட்பார். சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று போகிற பட்டியலில் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று அடிக்கடி வரும். ஒரு நாள் "அதை விடு தம்பி, நாகையில எத்தனை, தஞ்சாவூர்ல எத்தனை, அதைச் சொல்லு போதும்" என்றார். அதன் பிறகு அந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்ததில்லை.

இரண்டாவது அலையில் இதெல்லாம் எவ்வளவு பயன்பட்டது? மார்ச் 2021-இல் பயன்பட்டது. முதல் அலையில் தமிழ்நாட்டின் உச்சம் 2020 ஜூலை 27-இல் 6,993. 2021 பிப்ரவரியில் ஒரு நாளைக்கு 500-க்குக் கீழே. ஊரில் மாஸ்க் போடுபவரைப் பார்த்துச் சிரிக்கிற காலம், தேர்தல் கூட்டம் வேறு. என் ஷீட்டில் ஏழு நாள் சராசரி மார்ச் நடுவில் திரும்பி ஏறத் தொடங்கியது, சென்னை, செங்கல்பட்டு, அப்புறம் தஞ்சாவூர். வீட்டில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போவதாக இருந்தோம், எண்ணைக் காட்டி நிறுத்தினேன். அம்மா வருத்தப்பட்டார், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு முடிவுக்காகவே அத்தனை மாத உழைப்பும் தகும் என்று நினைக்கிறேன்.

மே மாதத்தில் பயன்படவில்லை. மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. அந்த நிலையில் மாவட்ட எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது முக்கியமே இல்லை, எந்த ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் படுக்கை காலி என்பதுதான் முக்கியம். அரசு படுக்கை விவரத்துக்கு ஒரு பக்கம் திறந்தது, 104 தொலைபேசி எண்ணில் கட்டளை மையம் இருந்தது, நான் அவற்றைத்தான் பார்த்தேன். பக்கத்துத் தெரு பெரியவருக்காக ஒரு இரவு முழுக்கத் தேடினோம், பக்கத்தில் காலி என்று காட்டிய இடத்தில் போய்க் கேட்டால் அரைமணி முன்பே நிரம்பிவிட்டது. கடைசியில் திருவாரூரில் கிடைத்தது, பிழைத்து வந்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் எவ்வளவு நேரம் உயிர் இருக்கும் என்பது வேறு வேறு. தொற்று எண்ணுக்கு ஒரு வாரம், படுக்கை எண்ணுக்கு அரைமணி. அதே மே கடைசியில் தினசரி எண்ணில் கோவை சென்னையைத் தாண்டியது, ஜூனில் தளர்வு கொடுக்கும்போது 11 மாவட்டங்களுக்குக் குறைவாகக் கொடுத்தார்கள், அந்தப் பட்டியலில் மேற்கு மாவட்டங்களோடு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறையும் இருந்தன. அப்போது மாவட்ட எண் மறுபடி வாழ்க்கைக்குள் வந்துவிட்டது, எந்தக் கடை திறக்கலாம் என்பதையே அது முடிவு செய்தது, எங்கள் கடை உட்பட.

2021 அக்டோபர் 31 அன்று கோவிட்19இந்தியா தளம் நின்றது. சில மாதம் முன்பே சொல்லிவிட்டார்கள். வேலையையும் படிப்பையும் வைத்துக்கொண்டு ஒன்றரை வருடத்துக்கு மேல் தினமும் செய்தவர்கள், இன்னும் செய்யுங்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. வேறு தன்னார்வலர்கள் அதே மாதிரி தொடர்ந்தார்கள், ஆனால் நான் நிறுத்திவிட்டேன். 2022 ஜனவரியில் எண் மறுபடி 30,000-ஐத் தாண்டியபோது வீட்டிலேயே பரிசோதனை கிட் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள் பலர், எங்கள் தெருவிலேயே காய்ச்சல் வந்து யாருக்கும் சொல்லாமல் படுத்தவர்கள் உண்டு, அந்த எண்ணை முந்தையதோடு ஒப்பிட்டால் தப்பாகத்தான் வரும். அப்பாவுக்கு இரண்டு டோஸ் தடுப்பூசியும் போட்டாகிவிட்டது. கும்பகோணம் பயணம் பழையபடி வாரம் இரண்டு தடவை.

தளம் மூடிய பிறகும் அதன் கோப்புகளை எடுக்க முடிந்தது, என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. காவிரி டெல்டா மாவட்டங்களைப் பற்றி யாராவது அதை வைத்து வேலை செய்தால் மூன்று விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினம் என்ற பெயரில் உள்ள பழைய எண்களில் மயிலாடுதுறையும் சேர்ந்தே இருக்கிறது, அதனால் இன்றைய நாகை மக்கள்தொகையால் வகுக்காதீர்கள், பழைய மாவட்டத்துக்கு 2011-இல் 16 லட்சம். மைனஸில் வரும் நாட்களை அழிக்காதீர்கள், அடுத்த மாவட்டத்தில் அதே நாள் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். காரைக்காலைப் புதுச்சேரிக்குக் கீழே தேடுங்கள்.