லிதுவேனியா சரக்கு எதுல போகும்: ரயிலா, லாரியா, கிளைபேடா போர்ட்டா?

பால்டிக் கடலோரம் இருக்குற லிதுவேனியால ஜனத்தொகை மொத்தமே 30 லட்சத்துக்குள்ளதான், ஆனா ஜெர்மனி பிரான்ஸ் ஹைவேல கொஞ்ச நேரம் நின்னு பாருங்க, அந்த ஊர் நம்பர் பிளேட் போட்ட லாரி ஒண்ணாவது கண்ணுல படும். சரக்கு ஏத்தி இறக்குறதுதான் அங்க பெரிய தொழில்கள்ல ஒண்ணு. அடுத்த பத்து வருஷத்துக்கு எதை நம்பலாம்னு பேச ஆரம்பிச்சா எல்லாரும் டன்னுக்கு எவ்ளோ ஆகும்னுதான் கேக்குறாங்க. நான் அதுக்கு முன்னாடி ஒண்ணு கேப்பேன்: பக்கத்து நாட்டோட சண்டை வந்தா எது மொதல்ல நிக்கும்?

அப்படிப் பாத்தா மொதல்ல அடி வாங்குனது ரயில்தான். பழைய ரஷ்யப் பேரரசு, சோவியத் காலத்துல இருந்து வந்த 1520 மிமீ அகலப் பாதை, அதனால லைன் பெரும்பாலும் கிழக்கப் பாத்தேதான் வளந்திருக்கு. பெலாரஸ்ல இருந்து பொட்டாஷ் உரம் மட்டும் வருஷத்துக்கு சுமார் ஒரு கோடி டன் கிளைபேடாவுக்கு வந்துட்டிருந்தது. அமெரிக்கத் தடை, அதுக்கு மேல உள்ளூர் அரசியல் ரகளை, கடைசில 2022 பிப்ரவரி 1ம் தேதியோட அதை நிறுத்திட்டாங்க, அதே மாசம் உக்ரைன் போரும் வந்து மிச்சம் மீதியையும் தின்னுடுச்சு. 2021ல சுமார் 5.1 கோடி டன் ஏத்துன ரயில்வே 2022ல சுமார் 3.1 கோடிக்கு வந்துடுச்சு. ஒரே வருஷத்துல! இந்த சரக்கு திரும்பி வரும்னு யாராவது பிளான் போட்டா அது பிளானே இல்ல.

ரயில்வேயும் ஒண்ணும் அப்பாவி இல்லங்க. மஜேக்கியாய்ல ஆர்லென் கம்பெனியோட எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கு, கட்டணத் தகராறுல அவங்க சரக்கை லாட்வியா பக்கம் மாத்தப் பாத்தாங்க. உடனே 2008ல லிதுவேனியா ரயில்வே என்ன பண்ணுச்சுன்னா லாட்வியா எல்லையில இருக்குற ரெங்கேக்குப் போற 19 கிமீ தண்டவாளத்தையே பேத்து எடுத்துடுச்சு. ரிப்பேர் வேலைன்னாங்க, ஆனா வருஷக்கணக்கா திரும்பப் போடவே இல்ல. போட்டியை நசுக்குறதுக்குப் பண்ண வேலைன்னு 2017ல ஐரோப்பிய கமிஷன் சுமார் 2.8 கோடி யூரோ அபராதம் போட்டுச்சு, கோர்ட் அதை அப்புறம் 2 கோடி சொச்சமா குறைச்சது, லைன் திரும்ப வந்தது 2020ல. ஒரு கஸ்டமரைப் பிடிச்சு வைக்க தண்டவாளத்தைக் கழட்டுன ரயில்வே வேற எங்கயாவது இருக்கான்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இப்ப எல்லாரும் காட்டுறது ரயில் பால்டிகா. எஸ்டோனியாவோட தாலின்ல இருந்து லாட்வியாவோட ரிகா, லிதுவேனியாவோட கௌனஸ் வழியா போலந்து எல்லை வரைக்கும் 870 கிமீ, ஐரோப்பிய 1435 மிமீ பாதை. 2017ல 5.8 பில்லியன் யூரோன்னு ஆரம்பிச்ச கணக்கு 2024ல முழுத் திட்டத்துக்கு 24 பில்லியன் பக்கம் வந்து நிக்குது, தேதி 2030. பழைய பாதைக்கும் இதுக்கும் வித்தியாசம் வெறும் 85 மிமீ, ஆனா அந்த 85 மிமீக்காக கௌனஸ் டெர்மினல்ல ஒவ்வொரு கன்டெய்னரையும் ஒரு வேகன்ல இருந்து தூக்கி பக்கத்து வேகன்ல வைக்கணும். கௌனஸ் வரைக்கும் 1435 பாதை 2015லயே வந்தாச்சு, அதுக்காக லாரிக்காரன் எவனும் தூக்கம் கெட்டுக் கிடக்கல.

லாரிக்கு வருவோம். மேற்கு ஐரோப்பாவுக்குள்ளயே ஓடுறதால ரஷ்யா பெலாரஸ் கோவம் அவ்வளவா தொடாது. தொல்லை பிரசல்ஸ்ல இருக்குற ஐரோப்பிய யூனியன்கிட்ட இருந்து வந்துச்சு. 2020ல அவங்க போட்ட மொபிலிட்டி பேக்கேஜ்ங்கிற லாரிச் சட்டத் தொகுப்புல எட்டு வாரத்துக்கு ஒரு தடவை லாரி சொந்த நாட்டுக்குத் திரும்பணும்னு ரூல், அதாவது ஸ்பெயின்ல ஓடுற வண்டி சரக்கே இல்லாட்டியும் லிதுவேனியா வந்து முகத்தைக் காட்டணும், டீசல் யார் அப்பன் வீட்டு காசு? லிதுவேனியாவும் சேர்ந்து கேஸ் போட்டு 2024 அக்டோபர்ல அந்த ரூல் ரத்தாச்சு. ஆனா 45 மணி நேர வார ஓய்வை கேபின்ல எடுக்கக்கூடாது, டிரைவரை குறிப்பிட்ட வாரத்துக்கு ஒரு தடவை ஊருக்கு அனுப்பணும்ங்கிறது அப்படியே இருக்கு. அதுவும் சரிதான், மனுஷன் மாசக்கணக்கா கேபின்லயே தூங்குறது கொடுமை. நிஜமான தலைவலி ஆள்தான், உக்ரைன் பெலாரஸ் டிரைவர்களை வச்சே ஓட்டிப் பழகிட்டாங்க, இப்ப மத்திய ஆசியா வரைக்கும் தேடுறாங்க. 2025 கடைசில சிகரெட் கடத்துற பலூன் தொல்லையால பெலாரஸ் எல்லையை மூடுனப்போ அந்தப் பக்கம் மாட்டிக்கிட்ட லாரிங்க கதி எல்லாரும் பாத்ததுதான், கிழக்கே போனா லாரிக்கும் அதே ரிஸ்க்தான்.

கிளைபேடா குளிர்லயும் உறையாத போர்ட். 2019ல 4.6 கோடி டன், 2023ல சுமார் 3.3 கோடி. பாக்க மோசம்தான், ஆனா போனது பெரும்பாலும் அடுத்தவன் சரக்கு. கன்டெய்னர் இருக்கு, சொந்த தானிய ஏற்றுமதி இருக்கு, 2014ல வந்த, திரவ எரிவாயு (எல்என்ஜி) இறக்குற மிதக்கும் டெர்மினல் கப்பல் இருக்கு. கடல் வழியை பெலாரஸால மூட முடியாது.

என் ஓட்டு இப்போதைக்கு லாரிக்கு, நீண்ட காலத்துக்கு போர்ட்டுக்கு. ரயில் பால்டிகா வேணாம்னு சொல்லல, ராணுவத்துக்கும் பயணிகளுக்கும் அது வேணும். ஆனா சரக்குன்னு பாத்தா அந்த மெயின் லைன் கிளைபேடாவைத் தொடவே இல்ல, போர்ட்டுல இருந்து கௌனஸ் வரைக்கும் இன்னும் பழைய 1520தான். அந்தத் துண்டுக்கு 1435 போட யாரு காசு குடுக்கப் போறாங்கன்னு சொல்லுங்க, அப்புறம் ரயில் சரக்கைப் பத்தி பேசலாம்.