கணக்குப் பிரிவில் ஓராண்டு அப்ரண்டிஸ்: பி.காம். பட்டதாரி ஒருவரின் மதிப்பீடு

பி.காம். முடித்தவர்களிடம் சி.ஏ., எம்.காம்., வங்கித் தேர்வு என்று மூன்று வழிகளைச் சொல்வார்கள். அண்மைக் காலமாகக் கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவுகள் நான்காவதாக ஒன்றையும் சொல்லத் தொடங்கியிருக்கின்றன: தேசியத் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சித் திட்டம், சுருக்கமாக நாட்ஸ். அத்திட்டத்தின்கீழ், சென்னை அம்பத்தூரில் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு பெரிய நிறுவனத்தின் அலுவலகத்தில், கணக்குப் பிரிவில் ஓராண்டு பயிற்சி பெற்றேன். கற்றுக்கொள்ள வேண்டியதில் பெரும்பகுதியை முதல் பாதியிலேயே கற்றுவிட்டேன் என்பதும், பின்பாதியில் குறைந்த தொகைக்கு ஒரு முழுநேர எழுத்தரின் வேலையைச் செய்தேன் என்பதும் என் கணிப்பு.

இத்திட்டத்துக்கு அடிப்படை 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். ஐ.டி.ஐ. மாணவர்களுக்கென்று தொடங்கியது, 1973-இல் பொறியியல் பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் விரிந்தது. 2014-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகே எங்களைப் போன்ற கலை, அறிவியல், வணிகவியல் பட்டதாரிகளுக்குக் கதவு திறந்தது. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும் என்பது விதி. இத்திட்டத்தைக் கவனிக்கும், தென்மாநிலங்களுக்கான வாரியம் தரமணியில் இருக்கிறது. இணையதளத்தில் பதிவு செய்வது, நிறுவனத்தைத் தேடி விண்ணப்பிப்பது, ஒப்பந்தம் பதிவாவது ஆகியவற்றில் சொல்லத்தக்க சிக்கல் எதுவும் இருக்கவில்லை.

என்னைச் சப்ளையர் பில்கள் வரும் மேசையில் உட்கார வைத்தார்கள். கொள்முதல் ஆணை, சரக்கு வந்து இறங்கியதற்கான கிடங்குப் பதிவு, சப்ளையரின் பில் ஆகிய மூன்றும் அளவிலும் விலையிலும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் பணம் போகும் என்பதைக் கல்லூரியில் இரண்டு வரியில் படித்துவிட்டுக் கடந்திருந்தேன். உண்மையில் அவை பொருந்துவது அரிது. ஆணையில் எண்ணிக்கைக் கணக்கு இருக்கும், பில்லில் கிலோக் கணக்கு இருக்கும்; கிடங்கில் இறங்கியது ஆயிரம் என்றால் அதில் நாற்பதைத் தரப் பரிசோதனையில் ஒதுக்கியிருப்பார்கள். யாரிடம் கேட்டு எதைத் திருத்த வேண்டும் என்று தெரிந்துகொள்வதுதான் அந்த மேசையின் முழுப் படிப்பு.

அங்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்த மூத்த கணக்காளர் ஒருவர், முதல் வாரத்திலேயே, "தொகையை அப்புறம் பாரும்மா, ஜி.எஸ்.டி. நம்பரோட முதல் ரெண்டு இலக்கத்தை முதல்ல பாரு" என்றார். அவை மாநிலத்தைக் குறிப்பவை: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. ஓசூரிலும் பெங்களூருவை ஒட்டிய பொம்மசந்திராவிலும் பட்டறை வைத்திருந்த ஒரு சப்ளையர், பொம்மசந்திராவிலிருந்து எங்களுக்குச் சரக்கை அனுப்பிவிட்டு, 29 என்று தொடங்கும் எண்ணிட்ட பில்லில் மத்திய வரியையும் மாநில வரியையும் பாதிப்பாதியாகப் போட்டிருந்தார். அது ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்கான முறை; மாநில எல்லையைக் கடந்து வந்த சரக்குக்கு ஐ.ஜி.எஸ்.டி. என்ற ஒருங்கிணைந்த வரியைப் போட வேண்டும்; அந்த பில்லை அப்படியே ஏற்றிருந்தால், கூட்டுத்தொகை சரியாக இருந்தும், அந்த உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை, நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாமல் போயிருக்கும். பில்லைத் திருப்பி அனுப்பி, புதிய பில் வரும்வரை பணத்தை நிறுத்தி வைத்தோம். இதைப் பாடப்புத்தகத்திலிருந்து ஒருவர் கற்றுக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாதந்தோறும் 14-ஆம் தேதி ஜி.எஸ்.டி. இணையதளத்தில், சப்ளையர்கள் தம் கணக்கில் காட்டிய பில்களின் பட்டியலான 2பி அறிக்கை வந்துவிடும். அதை எங்கள் கொள்முதல் பதிவேட்டோடு ஒவ்வொரு பில்லாக ஒப்பிட்டு, பில்லைக் கொடுத்துவிட்டுத் தம் கணக்கில் காட்டாமல் விட்ட சப்ளையர்களைத் தொலைபேசியில் பிடிப்பது அடுத்த நாள்களின் வேலை. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாள்களுக்குள் பணம் தராவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்திருந்ததால், யார் அந்த வகையில் வருகிறார்கள் என்று பட்டியல் எடுக்கும் பொறுப்பும் எனக்கு வந்தது. அதுவரை பணம் கேட்டு அழைக்கும் சிறு பட்டறைக்காரர்களைத் தொந்தரவாக நினைத்த பிரிவு, அதன் பிறகு அவர்களைத் தேடிப்போய் அழைத்ததைப் பார்க்கச் சற்றுச் சிரிப்பாகவும் இருந்தது.

குறை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சேரும்போது காட்டிய பயிற்சித் திட்டத்தில், பில் மேசைக்குப் பிறகு வரவினங்கள் (வாடிக்கையாளர்கள் தர வேண்டிய தொகைகள்), நிலையான சொத்துக் கணக்கு, ஒரகடம் ஆலையில் அடக்கவிலைக் கணக்கு என்று வரிசையாக எழுதியிருந்தது. அவற்றில் எதுவும் நடக்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்த அக்கா திருமணமாகி விலகியதும், அவருடைய பில்களும் என் மேசைக்கு வந்தன; வேலை தெரிந்த ஆளை இடம் மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாரியத்துக்குப் போகும் முன்னேற்ற அறிக்கையில், நான் அந்தப் பிரிவுகளுக்கெல்லாம் போய் வந்ததாகவே மனிதவளப் பிரிவினர் எழுதியிருந்தார்கள். அதைச் சரிபார்க்க வாரியத்திலிருந்து என்னை யாரும் அழைத்ததில்லை. இத்திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்பேன்: பயிற்சி நடந்ததா என்பதை, பயிற்சி கொடுக்க வேண்டியவரிடமே கேட்கிறார்கள். இந்த மூன்று மாதத்தில் என்ன கற்றீர்கள் என்று அப்ரண்டிஸின் கைபேசிக்கு ஒரு கேள்வி வந்தால்கூடப் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

உதவித்தொகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் இருந்தபோது பட்டதாரிகளுக்கான குறைந்தபட்சத் தொகை மாதம் 9,000 ரூபாய். அதில் பாதி அரசின் பங்கு. சட்டப்படி அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளர் அல்லர் என்பதால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் கிடையா. தீபாவளிக்கு மற்றவர்களுக்குப் போனஸ் வந்தபோது எங்களுக்கு இனிப்புப் பெட்டி வந்தது. திருநின்றவூரில் வீட்டிலிருந்து மின்சார ரயிலில் சீசன் டிக்கெட்டில் போய்வந்த எனக்கு இத்தொகை போதுமானதாக இருந்தது. விழுப்புரத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த சக அப்ரண்டிஸ், ஒவ்வொரு மாதமும் கடைசி வாரத்தில் வீட்டிலிருந்து பணம் வாங்கினார். இத்தொகையை 36 விழுக்காடு உயர்த்தலாம் என்று 2025 மே மாதம் மத்தியத் தொழிற்பழகுநர் குழு பரிந்துரைத்தது. உயர்ந்தாலும் சென்னை வாடகைக்கு அது நெருக்கடிதான்.

பயிற்சி முடிந்தபின் அந்நிறுவனம் எனக்கு வேலை தரவில்லை. தர வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. ஆனால் பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது குறித்து ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கையை வகுத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அதை நேர்காணலின்போதே கேட்டு வாங்கலாம். இப்போது வேறோர் இடத்தில் இருக்கிறேன். அங்கே நேர்காணல் எடுத்தவர் சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, 2பி ஒப்பீட்டை எப்படிச் செய்வீர்கள் என்பதை மட்டும் அரைமணி நேரம் கேட்டார்.

ஆகவே, வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தொலைவில் நிறுவனம் அமைந்தால் வணிகவியல் பட்டதாரிகள் இதில் தயங்காமல் சேரலாம். வெளியூரிலிருந்து வருபவர்கள், குறைந்தபட்சத்துக்கு மேல் உதவித்தொகை தருகிற அல்லது தங்குமிடம் தருகிற நிறுவனம் கிடைத்தால் மட்டும் சேர்வது நல்லது. இத்திட்டத்தில் ஒருவர் ஒருமுறைதான் பயிற்சி பெற முடியும் என்பதால், முதலில் கிடைத்த அழைப்புக்கே கையெழுத்துப் போடாமல், அந்நிறுவனத்தில் முந்தைய ஆண்டு இருந்த அப்ரண்டிஸ் ஒருவரைத் தேடிப்பிடித்து, எத்தனை மேசைகளுக்கு மாற்றினார்கள் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.