எச்சரிக்கை: டேங்க்கை இறக்காமலே ஃப்யூயல் பம்ப் மாற்றியதாக 1,340 டாலர் பில்

டெட்ராய்ட் பக்கம் பழைய பிக்கப் வைத்திருக்கும் நம் ஆட்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். 1,340 டாலர் போய்விட்டது. ஏமாற்றியிருக்கிறார்கள் என்பது நேற்று சாயங்காலம்தான் உறுதியானது. கடைப் பெயரைப் போடவில்லை; புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிற தனியார் ஒர்க்‌ஷாப். வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று பேர் "நம்பிப் போகலாம்" என்று சொன்ன இடம்.

வண்டி 2006 ஃபோர்டு எஃப்-150, 5.4 லிட்டர் வி8. ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டென்று நின்றுவிடும். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. அரை மணி நேரம் விட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். மழையிலும், ரோட்டில் உப்புத் தண்ணீர் தெறிக்கும் நாளிலும் தொந்தரவு அதிகம். 2004 முதல் 2008 வரை வந்த எஃப்-150-இல் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டேங்க்குக்குள் இருக்கும் பம்ப்பை அல்ல, ஃப்யூயல் பம்ப் டிரைவர் மாட்யூலை.

அது என்னவென்று தெரியாதவர்களுக்கு: இந்த வண்டிகளில் பம்ப் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடாது. இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று பார்த்து, இன்ஜின் கம்ப்யூட்டர் இந்த மாட்யூலுக்கு சிக்னல் அனுப்பும். மாட்யூல் கரண்ட்டை வேகமாக விட்டு விட்டுக் கொடுத்து பம்ப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். மாட்யூல் செத்தால் பம்ப்புக்குக் கரண்ட்டே போகாது. பம்ப் புத்தம் புதியதாக இருந்தாலும் சும்மா கிடக்கும்.

மாட்யூல் இருக்கும் இடம்தான் வினை. பின்பக்கம், ஸ்பேர் டயருக்கு மேலே, ஃபிரேமின் குறுக்குச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. கையளவு பெட்டி, அதன் முதுகு அலுமினியத் தகடு. அந்த அலுமினியம் இரும்புச் சட்டத்தை ஒட்டியே இருக்கிறது. இடையில் உப்புத் தண்ணீர் புகுந்தால் இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்யும். அதில் அரிபடுவது அலுமினியம். முதலில் வெள்ளை மாவு பூக்கும், பிறகு தகடு உப்பி வெடிக்கும், கடைசியில் ஓட்டை விழும். ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்குப் போகும். ஈரமானால் நிற்கும், காய்ந்தால் ஓடும். மழை நாளில் மட்டும் படுத்துவதற்கு இதுதான் காரணம். மிச்சிகன் மாதிரி குளிர்காலம் முழுக்க உப்புக் கொட்டுகிற ஊரில் இது வராவிட்டால்தான் ஆச்சரியம்.

இனி கடையில் நடந்தது. கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பி, "நீங்களே பாருங்கள், நாங்கள் எதையும் மறைப்பதில்லை" என்றார். திரையில் இரண்டு கோளாறு எண் (ஃபால்ட் கோட்): பி1233, பி1237. ஒரு தாளில் டேங்க் படம் வரைந்து, பம்ப்பை வட்டம் போட்டு, "இரண்டுமே பம்ப் கோளாறு எண், டேங்க்கை இறக்கி மாற்ற வேண்டும்" என்றார். அவ்வளவு பொறுமையாக விளக்கியவரை நம்பாமல் எப்படி? அங்கேயே கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கோபம் அடங்காததற்குக் காரணமே அந்தத் திரைதான். பி1233 என்றால் டிரைவர் மாட்யூலிடமிருந்து கம்ப்யூட்டருக்குப் பதில் வரவில்லை என்று அர்த்தம். பி1237 என்றால் மாட்யூலுக்கும் பம்ப்புக்கும் இடையில் உள்ள சர்க்யூட்டில் கோளாறு. இரண்டும் சேர்ந்து வந்தால் கை முதலில் போக வேண்டியது மாட்யூலுக்கு. விடை கண்ணெதிரே திரையில் இருந்தது. அதைக் காட்டியே வேறு வேலைக்குக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

பில்: பம்ப் அசெம்பிளி 410, ஆறு மணி நேர லேபர் மணிக்கு 130 வீதம் 780, டயக்னாசிஸ் 120, வரி, இதர செலவு 30. மொத்தம் 1,340 டாலர். பழைய பம்ப்பைக் கேட்டதற்கு "கோர் ரிட்டர்னுக்குப் போய்விட்டது", அதாவது பழைய பாகத்தை சப்ளையரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்றார்கள்.

ஒன்பதாம் நாள் மழை. ஹைவேயில் நடு லேனில் வண்டி நின்றது. பின்னால் ஒரு டிரெய்லர் லாரி வந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

கடைக்குப் போன் செய்தால் முதல் நாள் "மட்டமான பெட்ரோல் போட்டிருப்பீர்கள்." இரண்டாம் நாள் "இது வேறு பிரச்சினை, கொண்டு வாருங்கள், மறுபடி டயக்னாசிஸ் 120." மூன்றாம் நாள் "மேனேஜர் லீவு." நான்காம் நாள் மேனேஜரே எடுத்து, "பம்ப்புக்கு ஒரு வருட வாரன்ட்டி உண்டு, பம்ப் நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு எதற்கு வாரன்ட்டி?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

நேற்று ஸ்பேர் டயரை இறக்கி, டார்ச்சோடு கீழே படுத்துப் பார்த்தேன். டேங்க்கைத் தாங்கும் இரண்டு ஸ்ட்ராப்பின் போல்ட்டுகளிலும் பழைய துரு, அதன் மேல் காய்ந்த சேறு. ஸ்பேனர் பட்டிருந்தால் அறுகோண முனைகளில் துரு உரிந்து பளபளப்பு தெரிய வேண்டும். ஒரு கீறல்கூட இல்லை. டேங்க்குக்கு மேலே பெட்ரோல் லைன் கிளிப்பிலும் வருடக்கணக்கான அழுக்கு அப்படியே. சரக்குப் பெட்டியைத் தூக்கி மேல் வழியாக மாற்றினோம் என்று சொல்லவும் வழியில்லை. பெட்டியின் போல்ட்டுகளும் அதே கோலம். மாட்யூலைப் பார்த்தால், முதுகுத் தகட்டில் பட்டாணி அளவு ஓட்டை, அதன் மேல் புதிதாகக் கறுப்பு சிலிக்கான் பூசியிருக்கிறது. நகத்தால் நெருடினால் உரிந்து வருகிறது. ஆக, கோளாறு எங்கே என்று அவர்களுக்குத் தெரியும். ஓட்டையை அடைத்து, காயவைத்து ஓட்டிக் காட்டி, ஆறு மணி நேர லேபரும் பம்ப்பும் போட்டு 1,340 டாலர் வாங்கியிருக்கிறார்கள்.

சரியான வேலை எவ்வளவு தெரியுமா? கடையில் கிடைக்கும் மாற்று மாட்யூல் நூறு டாலருக்கு முன்னே பின்னே. ஸ்பேர் டயரை இறக்கு, பேட்டரி நெகட்டிவைக் கழற்று, கனெக்டரை உருவு, இரண்டு போல்ட்டைக் கழற்று. துரு பிடித்த போல்ட் முறியும், அதனால் முதல் நாளே துருநீக்கி எண்ணெய் அடித்துவிடுங்கள். கனெக்டர் பின்களில் பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்து, ஈரம் புகாமல் தடுக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் வையுங்கள். புதியதைச் சட்டத்தோடு ஒட்டிப் பொருத்தவே கூடாது. ஒட்டினால் இன்னும் சில குளிர்காலத்தில் அதே கதை. சில மாற்று மாட்யூல்கள் இடைவெளி விடும் கால் வைத்தே வருகின்றன. இல்லையென்றால் போல்ட்டுக்கு இரண்டு மூன்று வாஷர் கோத்து இடைவெளி விடுங்கள், போல்ட்டும் அதற்கேற்ப நீளமாக வேண்டும். காற்று ஓடினால் தகட்டின் சூடும் இறங்கும். இந்தத் தலைமுறை எஃப்-150-க்கு புரோகிராமிங் (புதிய மாட்யூலில் வண்டிக்கேற்ற சாஃப்ட்வேர் ஏற்றுவது) வேண்டாம். ஆனால் புதிய செவர்லே சில்வராடோ மாதிரி வண்டிகளில் வேண்டும். அங்கே சும்மா மாட்டினால் ஸ்டார்ட் ஆகாது.

மாற்றுவதற்கு முன் சோதிக்கும் முறையை விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. சுருக்கமாக: சாவியை ஆன் செய்ததும் டேங்க் பக்கம் ஓரிரு வினாடி 'ஊம்' சத்தம் வர வேண்டும். வரவில்லையா, முதலில் ஃப்யூஸ், ரிலே, பிறகு முன் பயணி கால் வைக்கும் இடத்துப் பக்கவாட்டில் இருக்கும் இனர்ஷியா சுவிட்ச் (வண்டி மோதினால் பம்ப்பை நிறுத்தும் சுவிட்ச்). அது அதிர்ச்சியில் ஆஃப் ஆகியிருந்தாலும் பி1233 வரும். அடுத்து மாட்யூல் கனெக்டரில் டெஸ்ட் லைட் வையுங்கள். பவரும் எர்த்தும் உள்ளே வந்து, பம்ப் பக்கம் ஒன்றும் போகவில்லை என்றால் பெரும்பாலும் மாட்யூல்தான். உள்ளேயே வரவில்லை என்றால் வயரிங்.

அவசரமாகச் சில வார்த்தைகள்:

பி1233-ஐக் காட்டி "பம்ப்" என்று சொல்கிற கடையில், மாட்யூலுக்கு வரும் வோல்டேஜ் எவ்வளவு என்று கேளுங்கள். எண் சொல்ல முடியாவிட்டால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மாற்றிய பழைய பாகம் வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே எஸ்டிமேட் தாளில் எழுதி வாங்குங்கள். மிச்சிகனில் ரிப்பேர் கடைகளுக்கென்றே 1974-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மாநிலச் செயலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். பில், எஸ்டிமேட், போட்டோ மூன்றும் வேண்டும்.

இன்னொரு கடையில் சரிசெய்வதற்கு முன் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். துருவைத் துடைத்துவிட்டால் ஆதாரம் போச்சு.

டேங்க்கை இறக்கியதாகச் சொன்னால், பணம் கொடுக்கும் முன் குனிந்து ஸ்ட்ராப் போல்ட்டைப் பாருங்கள்.