அம்மாவுக்கு முதுமை மறதி: மூணு வருஷமா நாங்க யூஸ் பண்ண கையேடு, வெப்சைட், ஆப்

அம்மாவுக்கு டிமென்ஷியான்னு சொன்ன அன்னிக்கே கிளினிக்ல ஒரு கட்டு பேப்பர் குடுத்தாங்க. ரெண்டு மாசம் டிவி பக்கத்துல கெடந்துச்சு, நான் தொடவே இல்ல. சாயந்தரம் ஆறு மணியானா அம்மா வாசக் கதவுகிட்ட போய் நின்னுக்கிட்டு "அப்பா டாக்யார்டுலேர்ந்து இன்னும் வரலயே"ன்னு பொலம்புவாங்க. அப்பா இங்க சிங்கப்பூர்ல செம்பவாங் கடற்படைத் தளத்துல (நேவல் பேஸ்) வேலை பாத்தவரு, தவறி பதினஞ்சு வருஷம் ஆச்சு. நானும் புத்தியில்லாம "அப்பாதான் செத்துட்டாரேம்மா"ன்னு தெனமும் சொல்ல, தெனமும் எழவு வீடு மாதிரி அழுவாங்க.

அப்புறம் டிமென்ஷியா ஹப் வெப்சைட்ல சன்டவுனிங் பத்தி படிச்சேன். பொழுது சாயுறப்ப, உடம்பு அசந்து போறப்ப கொழப்பம் ஜாஸ்தியாகுமாம், எதிர்த்துப் பேசாம அவங்க மனசுல இருக்குறதுக்கு பதில் சொல்லணுமாம். இப்ப அஞ்சரைக்கே ஹால் லைட்ட போட்டுட்டு "அப்பாவுக்கு என்ன டிபன் புடிக்கும்மா?"ன்னு கேப்பேன், ரவா உப்புமாவுல ஆரம்பிச்சு அவங்களே நேவல் பேஸ் குவாட்டர்ஸ் கதைக்குப் போயிருவாங்க. எல்லா நாளும் எடுபடாது, சில நாள் கதவ விட்டு நகரவே மாட்டாங்க.

தமிழ்ல கெடைச்ச ஒரு கையேடு மட்டும் எங்களுக்கு சரிப்படல. விஷயம் நல்ல விஷயம்தான், ஆனா "அறிவாற்றல் குறைபாடு"ன்னெல்லாம் படிச்சா அண்ணி என்ன செய்வாங்க? பக்கம் பக்கமா நானே பேச்சுத் தமிழ்ல வாய்ஸ் நோட் போட்டு ஃபேமிலி வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். அண்ணன் மொதல்ல "வயசானா மறக்கத்தான் செய்யும்"னு தட்டிக் கழிச்சாரு. 2023 மனநலக் கழக ஆய்வுல இங்க 60 வயசுக்கு மேல சுமாரா 11 பேர்ல ஒருத்தருக்கு இது இருக்குன்னு வந்துச்சுல்ல, அத சொன்னப்பறம்தான் காது குடுத்தாரு.

உண்மையிலயே ரொம்ப ஒதவினது மலாய்ல இருந்த பேப்பருங்க. எங்க வீட்டு வேலைக்கு இருக்குற ஹெல்ப்பர் இந்தோனேசியா, அவங்க பாஷையும் மலாய் மாதிரிதான், இங்கிலீஷ விட அது அவங்களுக்கு சுலபமா புரிஞ்சுது. அம்மாவுக்கும் பழைய பசார் மலாய் (கடைத்தெருவுல பேசுற மலாய்) நாக்குலயே இருக்கு, நேத்து நடந்தது மறந்தாலும் அது போகல. குளிக்க மாட்டேன்னு அடம்புடிச்சா கட்டாயப்படுத்தாம கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப கேக்குறது, ஒரு நேரத்துல ஒரு வேலைய மட்டும் சொல்றது, இதெல்லாம் என்னைவிட ஹெல்ப்பருக்குத்தான் கைவந்திருக்கு.

டிமென்ஷியா சிங்கப்பூர்ங்குற அமைப்போட காரா ஆப்லயும் அம்மா பேர பதிஞ்சிருக்கோம், காணாமப் போனா அதுலேர்ந்து தகவல் அனுப்பலாம். பதிஞ்ச விவரம் இருக்குற சீட்ட எங்க வெச்சாலும் அம்மா தூக்கிப் போட்டுருவாங்க, கடைசில சுருக்குப்பைக்குள்ள வெச்சேன், அந்தப் பைய மட்டும் தூங்குறப்பகூட விடமாட்டாங்க.

போன தீவாளிக்கு அண்ணன் வந்தப்ப, செத்துப்போன எங்க மாமா பேர சொல்லி "எப்படா வந்த?"ன்னு அம்மா கேட்டாங்க. அண்ணன் திருத்தல. "இப்பதான்க்கா வந்தேன், முறுக்கு இருக்கா?"ன்னாரு.