வேலூர் லாங் பஜாரில் கிடைக்கும் டிஷ்வாஷ் கிட்: பயன்படுத்திப் பார்த்த மதிப்பீடு

பாத்திரம் கழுவும் திரவத்தை வீட்டிலேயே கலந்துகொள்வதற்கான கிட் ஒன்று வேலூர் லாங் பஜாரில், ஃபினாயிலும் ஆசிட்டும் விற்கும் ஒரு கெமிக்கல் கடையில் கிடைக்கிறது. எஸ்.எல்.இ.எஸ். (சோடியம் லாரெத் சல்பேட்) என்ற அழுக்கு நீக்கும் பொருள் 70 விழுக்காடு உள்ள பசை, அதற்குத் துணையாகும் சி.ஏ.பி.பி. (கோகமிடோபுரோபைல் பீட்டேன்) என்ற இளமஞ்சள் திரவம், தூள் உப்பு, எலுமிச்சை வாசனை, நிறமி, கெட்டுப்போகாமல் காக்கும் மருந்து ஆகியவை தனித்தனிப் பொட்டலங்களாக வருகின்றன. கையைப் புண்ணாக்கக்கூடிய ஆசிட் சிலரி என்ற அமிலக் கூழும் காஸ்டிக் சோடாவும் இதில் இல்லை என்பதே என் கணக்கில் முதல் சிறப்பு. பிராண்ட் பாட்டில்களோடு ஒப்பிட்டால் செலவு பாதிக்கும் குறைவாகவே ஆகிறது.

பசையைக் கரைப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நீரை நாடும் தலையும் நீரை விலக்கும் கொழுப்பு வாலும் உண்டு. 70 விழுக்காட்டுச் செறிவில் இவை வாலோடு வால் சேர்ந்து தாள் தாளாக அடுக்கி நிற்பதாலும், அந்தத் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதாலும், பசையைக் கரண்டியால் எளிதாக எடுக்க முடிகிறது. தண்ணீர் சேர்ந்து செறிவு ஏறத்தாழ 60 முதல் 30 விழுக்காடு வரையிலான எல்லைக்குள் இறங்கும்போது, அதே மூலக்கூறுகள் நீண்ட உருளைகளாக மாறி அறுகோண வரிசையில் நெருங்கி நின்று, பசையைவிட இறுகிய ஜெல்லாகிவிடுகின்றன. பசையின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினால் கரையாத கட்டிகள் கிடைப்பது இதனால்தான். முழுத் தண்ணீரையும் முதலிலேயே அளந்து வைத்து, பசையைச் சிறிது சிறிதாக அதில் இட்டுக் கிளறச் சொல்கிறது கிட்டின் குறிப்புத்தாள். அது மிகச் சரியான வழி.

உப்பைப் பற்றி அந்தத் தாள் சொல்வது போதாது. முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கொட்டச் சொல்கிறது. கரைசலில் மூலக்கூறுகள் வாலை உள்ளேயும் தலையை வெளியேயும் வைத்து மைசெல் என்ற உருண்டைகளாகத் திரள்கின்றன. தலைகள் எல்லாம் எதிர்மின்னேற்றம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளுகின்றன. உப்பிலிருந்து வரும் சோடியம் அந்தத் தள்ளுதலை மட்டுப்படுத்துகிறது, சி.ஏ.பி.பி. மூலக்கூறுகளும் இடையில் புகுந்து அதே வேலையைச் செய்கின்றன. தலைகள் நெருங்கியதும் உருண்டைகள் நீண்டு, மண்புழுக்களைப் போல ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, தண்ணீராக இருந்த கரைசல் தேன் பதத்துக்கு வருகிறது. உப்பு அந்த அளவைத் தாண்டினாலோ திரவம் மறுபடியும் நீர்த்துவிடும், கலங்கவும் கூடும். நம் பகுதியின் போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் ஏற்கெனவே இருப்பதால், கேன் தண்ணீரில் தேவைப்படும் அளவுக்கு முன்னதாகவே அந்தப் பதம் வந்துவிடும். உப்பைத் தனியே கரைத்து வைத்துக்கொண்டு, கரண்டி கரண்டியாக விட்டு, பதம் வந்தவுடன் நிறுத்துவதே நல்லது. கெட்டியாக இருப்பதுதான் வீரியமான திரவம் என்று கடைகளில் சொல்லக் கேட்கிறோம். கெட்டித்தன்மை பெரும்பாலும் உப்பின் வேலை, அழுக்கை நீக்கும் திறனுக்கு அது அளவுகோல் ஆகாது.

திறனைப் பார்க்க, ஆம்பூர் முறையில் சீரகச் சம்பா பிரியாணி செய்து முடித்த அண்டாவையே எடுத்துக்கொண்டேன். தூய நீரின் பரப்பு இழுவிசை 25 டிகிரி செல்சியஸில் மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். இத்தகைய மூலக்கூறுகள் நீர்ப்பரப்பில் வாலைக் காற்றில் நீட்டி ஒற்றை அடுக்காக நிரம்பும்போது அது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. (இந்த ஒற்றை அடுக்குகளை முதலில் முறையாக அளந்தவர்களில் ஒருவரான ஜெர்மனியின் ஆக்னஸ் பாக்கெல்ஸ், பல்கலைக்கழகத்தில் படிக்காமல் வீட்டுச் சமையலறையில் ஆய்வு செய்தவர். அவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபுவுக்கு எழுதிய கடிதம் 1891இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளிவந்தது. இந்தத் துறையைப் பற்றிப் பேசும்போது அவர் பெயரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.) எண்ணெயும் நீரும் தொடும் இடைமுகத்திலும் இதே அடுக்கு உருவாவதால், நீர் எண்ணெய்ப் படலத்தின் ஓரத்தில் நுழைந்து, படலத்தைச் சுருட்டித் துளியாக்கிக் கழற்றிவிடுகிறது. துளியைச் சுற்றி மின்னேற்றம் கொண்ட தலைகள் நிற்பதால் துளிகள் மறுபடியும் ஒன்று சேர்வதில்லை. வெதுவெதுப்பான நீரில் அண்டாவின் நெய்ப்பிசுக்கு ஒரே தேய்ப்பில் போயிற்று; குளிர்ந்த நீரில், உறைந்த டால்டா இருந்த விளிம்பில் கூடுதலாக உழைக்க வேண்டியிருந்தது. உறைந்த கொழுப்பு உருளாது என்பதால் இதைத் திரவத்தின் குறையாக நான் கருதவில்லை.

நுரை மிதமாகவே வருகிறது. பிசுக்கு மிகுந்த பாத்திரங்கள் அடுத்தடுத்து வரும்போது மூலக்கூறுகள் எண்ணெய்த் துளிகளைச் சூழச் சென்றுவிடுவதால் நுரை அடங்கும். அப்போது புதிதாகத் திரவம் எடுத்துக்கொள்ளலாம். போர் தண்ணீரிலும் சோப்புக் கட்டியைப் போல வெள்ளைத் திப்பிகள் படியவில்லை, கையும் வறளவில்லை. வாசனைதான் தேவைக்கு அதிகம். பொட்டலத்தில் பாதி போதும்.

பித்தளைக் குத்துவிளக்கில் இதைப் பயன்படுத்துவோர், எண்ணெய் மட்டுமே போகும் என்பதை அறிந்திருக்க வேண்டும். கறுப்பும் பச்சையும் உலோகத்தின் மேல் உண்டான சேர்மங்கள். அவற்றைக் கரைக்க அமிலம் வேண்டும் என்பதால், அதற்குப் புளியையே எடுக்க வேண்டும்.