தொட்டில், வைப்புத்தொகை, ஸ்கேன் பதிவேடு: சேலத்துப் பெண் குழந்தைக்கு எது காவல்?

தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் ஜெயலலிதா ஆட்சியில் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கியது. ஏன் சேலம் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஓமலூர், எடப்பாடி, மேட்டூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பிறந்த சில நாளிலேயே பெண் சிசுக்கள் செத்துக்கொண்டிருந்தன. சாவுக்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. "வேண்டாமென்றால் கொல்லாதீர்கள், எங்களிடம் கொடுத்துவிடுங்கள்" என்றது அரசு. அதே ஆண்டில் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டமும் வந்தது. உடனே உயிரைக் காப்பது ஒன்று, நோய்முதல் நாடுவது இன்னொன்று. எதற்கு முதலிடம் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

2001 கணக்கெடுப்பில் சேலத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள். 2011-ல் 916. மாநில அளவில் அதே பத்தாண்டில் 942 என்பது 943 ஆனதுதான் மிச்சம் என்பதால் சேலத்தின் ஏற்றம் சாதாரணமில்லை. இயற்கையாக ஏறக்குறைய 950 இருக்க வேண்டும், அதற்கு இன்னும் பாக்கி இருக்கிறது என்பது வேறு விஷயம். இந்த ஏற்றத்துக்கு எல்லாத் திட்டக்காரர்களும் உரிமை கொண்டாடுகிறார்கள். ஆனால் கருவில் அழிந்ததையும் பிறந்தபின் அழிந்ததையும் இந்த ஒற்றை எண் பிரித்துக் காட்டாது. தொட்டில் பிறந்த பிறகுதான் வேலை செய்யும், ஸ்கேன் சட்டம் பிறக்கும் முன். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவதில்தான் பாதிக் குழப்பம்.

தொட்டில்

இதன் பலம் வேகம். இன்றிரவு ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு இன்றிரவே பயன்படுவது இது ஒன்றுதான். பலவீனமும் அந்த முதல் சில மணி நேரத்தில்தான் இருக்கிறது. வருகிற குழந்தை 2.5 கிலோவுக்குக் குறைவாக இருந்தால், பிறந்த நேரம் தெரியாமல், தாய்ப்பால் காணாமல், ஒற்றைத் துணியில் சுற்றி வந்திருந்தால், முதல் எதிரி குளிர். உடல் வெப்பம் 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக் கூடாது. ஈரத்துணியை மாற்றி, தலைக்குக் குல்லாய் போட்டு, எடுத்துவரும் ஊழியரின் மார்போடு அணைத்துக் கொண்டுவருவது எந்தக் கருவியும் இல்லாத இடத்தில் செய்யக்கூடிய நல்ல காரியம். குளிப்பாட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அழுக்காக இருக்கிறதே என்ற நல்லெண்ணத்தில் செய்வார்கள். குழந்தை சில்லிட்டுப் போகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால், காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி, போலியோ சொட்டு, முதல் 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி ஊசி. போட்டதை அட்டையில் எழுதாமல் விட்டால் அடுத்த இல்லத்தில் மறுபடி போடுவார்கள், அல்லது போடாமலே விடுவார்கள்.

அடுத்தது சட்டம். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும். பெற்றோரே வந்து ஒப்படைத்தால், குழு அவர்களிடம் பேசி, ஒப்படைப்புப் பத்திரம் எழுதி வாங்கிய பிறகு மனம் மாற 2 மாத அவகாசம் உண்டு. அதன் பிறகே குழந்தை தத்துக்குத் தகுதி பெறும். இந்த 2 மாதம்தான் நடைமுறையில் வீணாகிறது. பிரசவமான மூன்றாம் நாள் மாமியாரும் கணவனும் இருபக்கமும் உட்கார்ந்திருக்க, தாய் கையெழுத்துப் போடுவாள். திரும்பி வந்து கேட்கலாம் என்பது அவள் காதில் தனியாக ஒருமுறையாவது விழுந்ததா என்று பார்க்க வேண்டும். தாயைத் தனியே வைத்து ஒருமுறை, இருபதாம் நாளுக்குள் இன்னொருமுறை பேசுவதற்கு ஒரு பேருந்துக் கட்டணமும் ஒரு ஆற்றுப்படுத்துநரும் போதும். மீட்பும் தடுப்பும் இங்கே ஒரே வேலைதான்.

பழைய எதிர்வாதம் ஒன்று உண்டு: தொட்டில் வைத்தால் பெண் பிள்ளையைத் தள்ளிவிடுவதற்கு அரசே வழி காட்டியதாகாதா? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்காகத் தொட்டிலை எடுத்துவிட்டால் அந்தக் குழந்தை வீட்டில் வளரும் என்பதற்கு யார் பொறுப்பு? தொட்டில் இருக்கட்டும். குழந்தை வந்த ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு வாரத்துக்குள் கிராம சுகாதார நர்ஸம்மா போய்ப் பார்க்கட்டும். அந்த வீட்டில் அடுத்த பிரசவமும் வரும் அல்லவா?

வைப்புத்தொகை

முன்பு சொன்ன பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில், 2011 முதல் ஒரே பெண் குழந்தை என்றால் 50,000 ரூபாய், இரண்டு பெண்கள் என்றால் தலைக்கு 25,000, அரசு நிதி நிறுவனத்தில் போட்டு வைக்கப்படுகிறது. 18 வயது நிறைந்து, பத்தாம் வகுப்புத் தேர்வும் எழுதியிருந்தால் வட்டியோடு கைக்கு வரும். நீண்டகால யோசனை என்ற அளவில் சரி. கோளாறு தகுதியில் இருக்கிறது. ஆண் வாரிசு இருக்கக் கூடாது, பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்க வேண்டும். அதாவது, "இரண்டு பெண் போதும்" என்று ஏற்கெனவே மனம் தேறிய குடும்பத்துக்கே இந்தப் பணம். மூன்றாவதாவது பையனாக இருக்கட்டும் என்று காத்திருக்கும் வீட்டில் பிறக்கிற மூன்றாவது பெண்தான் உண்மையில் ஆபத்தில் இருப்பவள். பொதுவாக அவளுக்கு இதில் இடமில்லை. பரிசு ஒருவருக்கு, பாடு இன்னொருவருக்கு.

ஸ்கேன் பதிவேடு

கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-ல் இயற்றப்பட்டு, 2003-ல் திருத்தப்பட்டது. ஒவ்வொரு கர்ப்பிணி ஸ்கேனுக்கும் தாயின் விவரங்களை எழுதும் படிவம் எஃப் நிரப்ப வேண்டும். அடுத்த மாதம் 5-ம் தேதிக்குள் மாவட்ட அதிகார அமைப்புக்கு அறிக்கை போக வேண்டும், பதிவுகளை 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். மையத்தின் பதிவு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். முதல் குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம்.

ஆய்வு என்ற பெயரில் அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்துவிட்டு வருவதால் ஒன்றும் நடக்காது. பலகை எல்லா இடத்திலும் பளபளவென்றுதான் இருக்கும். பயன் தருவது குறுக்குச் சரிபார்ப்பு. படிவம் எஃப்-ல் ஏற்கெனவே உள்ள குழந்தைகளின் எண்ணிக்கையும் பாலினமும் எழுதும் இடம் உண்டு. அங்கே "பெண் 2" என்றிருக்கும் தாய்மார்களை மட்டும் தனியே எடுத்து, நர்ஸம்மாவின் கர்ப்பிணிப் பதிவேட்டோடு ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் தரப்படும் 12 இலக்க ஆர்சிஎச் அடையாள எண்ணை வைத்து ஒப்பிட்டால், நான்காம் ஐந்தாம் மாதத்து ஸ்கேனுக்குப் பிறகு பதிவேட்டிலிருந்து மறைந்தவர்கள் தெரிவார்கள். ஒரே மையத்தில் அப்படிப் பலர் என்றால் அங்கே கதவைத் தட்ட வேண்டும். அந்த இடமே எல்லாப் படிவங்களிலும் காலியாக இருந்தாலும் தட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கருக்கலைப்பு சட்டப்படி பெண்ணுக்கு உள்ள வழி. விசாரணை மையத்தை நோக்கிப் போக வேண்டுமே தவிர, தாயின் வீட்டு வாசலுக்கு அல்ல. கட்டாயத்தின் பேரில்தான் வந்தாள் என்றே சட்டமும் தாயைக் கருதுகிறது. வாசலுக்குப் போலீஸ் வந்தால், அடுத்த முறை அந்தத் தெருவில் யாரும் மூன்றாம் மாதத்தில் பதிவு செய்ய மாட்டார்கள். பிறகு உங்கள் பதிவேடே பொய்யாகிவிடும்.

கல்யாணத்துக்கா, படிப்புக்கா

பெண் என்றால் செலவு என்ற கணக்கு மாறாதவரை மேலே சொன்ன எல்லாமே ஓட்டையை அடைக்கிற வேலைதான். 1989-ல் பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை கொடுத்த இதே மாநிலம், அதே ஆண்டில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தையும் கொண்டுவந்தது. பின்னாளில் அதில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. ஏழை வீட்டுக்கு அது பெரிய கை உதவி, மறுக்க முடியாது. ஆனால் பெண்ணின் பெயரில் வரும் அரசுப் பணம் கல்யாணச் செலவில் போய் முடிந்தது. 2022-ல் அதை மாற்றி, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரி சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் என்று புதுமைப் பெண் திட்டமாக்கினார்கள். நம் பார்வையில் இந்த நான்கில் வேரைத் தொடுவது இதுதான். தொகை சிறிது, பலன் தெரியப் பத்தாண்டாவது ஆகும், அதற்குள் பிறக்கப்போகும் குழந்தைக்கு இதனால் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

எண்களை எப்படிப் படிப்பது

தொட்டிலுக்கு வரும் குழந்தைகள் குறைந்தால் வெற்றி என்று அறிக்கை எழுதிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். கொலை கருவுக்கு இடம் மாறியிருந்தாலும் தொட்டில் காலியாகத்தான் இருக்கும். கூடவே இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, முதல் ஏழு நாள் மரணத்தில் ஆண், பெண் பிரிவு. பிறந்த வாரத்தில் ஆண் குழந்தைகளே சற்று அதிகம் இறப்பது இயற்கை. பெண் அதிகம் என்றால் விசாரிக்க வேண்டும். இன்னொன்று, பிறப்பில் ஆயிரம் ஆணுக்கு எத்தனை பெண் என்ற விகிதம். இதைத் துணைச் சுகாதார நிலைய அளவில் பார்த்துக் கூச்சல் போடக் கூடாது. 5,000 பேருக்கு ஆண்டில் 70 பிறப்பு என்று வைத்துக்கொண்டால், அதில் பெண் 26 வந்தாலும் 42 வந்தாலும் தற்செயலாகவே இருக்கலாம். 30,000 பேருள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும், 420 பிறப்பில், விகிதம் 790-க்கும் 1,150-க்கும் இடையே தானாக ஆடும். ஒரு நல்ல ஆண்டைக் காட்டிக் கேடயம் வாங்குவதும், ஒரு கெட்ட ஆண்டுக்கு நர்ஸம்மாவுக்கு மெமோ கொடுப்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கம். ஊராட்சி ஒன்றிய அளவில், 3 ஆண்டைச் சேர்த்து, எத்தனையாவது குழந்தை என்று பிரித்துப் பார்த்தால் விஷயம் பிடிபடும்.

பங்கீடு என்று கேட்டால், தொட்டிலுக்கான இரவுப் பணியாளர், சூடேற்றும் கருவி, வாகனம் இவற்றில் கை வைக்கக் கூடாது. அது பேரம் பேசும் செலவு அல்ல. சுவர் விளம்பரத்துக்கும் பேரணிக்கும் போகிற பணத்தை எடுத்து, பதிவேடு ஒப்பிடும் ஒரு ஆளுக்கும், தாயை இருபதாம் நாள் பார்க்கப் போகிற ஆற்றுப்படுத்துநருக்கும் கொடுக்கலாம். வைப்புத்தொகையின் தகுதியை மூன்றாவது பெண்ணுக்கும் திறப்பது கோட்டையில் எடுக்க வேண்டிய முடிவு. ஆட்சியர் கூட்டத்தில் எத்தனை முறை பேசினாலும் ஆகாது.

ஏற்காட்டுக்கு இதே பட்டியலை அப்படியே தூக்கிக்கொண்டு போக வேண்டாம். சேர்வராயன் மலையின் மலையாளி என்னும் பழங்குடி மக்களிடையே மாப்பிள்ளை வீட்டார் பரியம் கொடுத்துப் பெண் எடுப்பது பழைய வழக்கம். சமவெளியின் வரதட்சணைக் கணக்கு அங்கே அப்படியே பொருந்தாது. மலையில் 3,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது விதி. அங்கே முதலில் பார்க்க வேண்டியது, வலி எடுத்த பெண் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிச் சேலம் வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதைத்தான்.